பூசணிப்பூவை எடுத்தது யாரு? பனிக்காலத் தோட்டத்தில் தடம் பார்க்கத் தெரிஞ்சவங்க வாங்க

காந்தளூர்க்காரி | டிசம்பர் 20, காலை 6.52

எல்லாருக்கும் வணக்கம். உடுமலையில் பிறந்து கேரளத்து மலையூர் காந்தளூருக்கு வாக்கப்பட்டு எட்டு வருசம் ஆச்சு. வீட்டைச் சுத்தி முப்பது சென்ட் இருக்கு. கேரட், பீன்ஸ், பூண்டு, வேலியோரம் மரத்தக்காளி, இலையெல்லாம் கொட்டி மொட்டையா நிக்கிற ரெண்டு பிளம்ஸ் மரம், கிணத்து மேட்டில் பூசணிக்கொடி. மூணாறு மாதிரி இங்கே தரை வெள்ளையா உறையாது. ஆனா விடியக்காலம் இலையில் இருந்து பனித்தண்ணி மழை மாதிரி சொட்டும்.

விசயம் என்னன்னா, மார்கழி பிறந்ததுல இருந்து ராத்திரி பத்து மணிக்கே கோலம் போட்டு வெச்சிடறேன். (திட்டாதீங்க. காலையில் அஞ்சு மணிக்கு விரல் மரத்துப் போயி கோடே இழுக்க வராது.) எங்க வீட்டில் அரிசி மாவுதான், கல்லுமாவு வாங்கினா அப்பத்தா பேசமாட்டாங்க. நடுவில் சாணி உருண்டை, அதுமேல பூசணிப்பூ. ராத்திரி விரிஞ்ச பூ ஏது? சாயங்காலமே மறுநாள் மலரப் போற மொட்டாப் பார்த்து காம்போட பறிச்சு செருகி வெச்சா, விடியறப்ப வாயைத் திறந்திருக்கும்.

மூணு நாளா விடிஞ்சு பார்த்தா பூவும் இல்லை, சாணியும் இல்லை. சரி, எலியோ என்னமோன்னு விட்டேன். இன்னைக்குக் கோலமாவில் கால்தடம். சின்னக் குழந்தை வெறுங்காலோட நடந்த மாதிரியே இருக்கு. குதிகால் இருக்கு, நடுப்பாதம் இருக்கு, முன்னாடி விரல் விரலா இருக்கு. தீப்பெட்டி வெச்சு அளந்தேன், ஒண்ணரைப் பெட்டி நீளம்.

அப்பத்தா பார்த்துட்டுக் கன்னத்தில் போட்டுக்கிட்டாங்க, "கண்ணன் வந்துட்டுப் போயிருக்கான்டி"ன்னு. பக்கத்து வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்து, "இது குட்டிச்சாத்தனாக்கும்"னு சொல்லிட்டு சிரிக்காமலே போயிட்டாங்க. அதுதான் வயித்தைக் கலக்குது. ஒண்ணாவது படிக்கிற எம்பொண்ணு, கிருஷ்ணர் வந்தார்னு இன்னைக்குப் பள்ளிக்கூடம் பூரா சொல்லப் போறா. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குமுளி ஏலக்காடு | டிசம்பர் 20, காலை 7.15

பன்னி.

ராத்திரிப்பூச்சி | டிசம்பர் 20, காலை 8.40

குமுளி அண்ணா, பன்றிக்குக் குளம்பு. நடுவில் பிளந்து ரெண்டு துண்டாத்தான் பதியும். குழந்தைப் பாதம் எங்கே இருந்து வரும்?

அக்கா, நான் காட்டுயிர் படிக்கிற மாணவன், வால்பாறைப் பக்கம். உங்க தடம் சுவாரசியமா இருக்கு. குதிகால் வரைக்கும் முழுப் பாதத்தையும் தரையில் வெச்சு நடக்கிற பிராணிகள் நம்ம மலையில் கொஞ்சம்தான். கரடி ஒண்ணு, முள்ளம்பன்றி ஒண்ணு, பாதி கணக்கில் மரநாய். நாய், பூனை, சிறுத்தையெல்லாம் விரல் நுனியில் நடக்கிற கூட்டம், குதிகால் தரையில் படவே படாது. அதனால முதல் பயத்தை விடுங்க, சிறுத்தை கிடையாது.

இப்ப மூணு கேள்வி. ஒரு தடத்தில் எத்தனை விரல்? எல்லாத் தடத்திலும் அதே எண்ணிக்கையா? நகம் குத்தின புள்ளி இருக்கா?

கூட்டிடாதீங்க!

காந்தளூர்க்காரி | டிசம்பர் 20, காலை 9.05

தம்பி, நீங்க எழுதறதுக்குள்ள மாமியார் கூட்டிட்டாங்க.

மூணாறு பெரியவர் | டிசம்பர் 20, காலை 11.30

தங்கச்சி, கவலைப்படாதே. வந்தது மறுபடியும் வரும். காட்டுச் சீவன் ஒரு வழியைப் பிடிச்சா அதிலேயேதான் நடக்கும், நம்ம ஆட்கள் டீக்கடைக்குப் போற மாதிரி.

நான் செண்டுவரைப் பக்கத்து லயத்தில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பிறந்தவன். எங்களுக்குப் பனிதான் கோலமாவு. டிசம்பர் கடைசி, ஜனவரியில் மேகம் இல்லாத ராத்திரி பார்த்து உறைபனி விழும். குளிர்ந்த காத்து கனம் கூடினது, தண்ணி மாதிரி சரிவில் இறங்கி பள்ளத்தில் தேங்கும். அதனால மேட்டு லயத்தில் ஒண்ணும் இருக்காது, கீழே சதுப்பிலும் ஃபுட்பால் கிரவுண்டிலும் உப்பைக் கொட்டின மாதிரி வெளுத்துக் கிடக்கும். ஆள் நெஞ்சு உயரத்தில் வெச்ச தெர்மாமீட்டர் மூணு டிகிரி காட்டும், புல் நுனி அதுக்குள்ள உறைஞ்சிருக்கும். புதுசா வந்த துரைமார் இதில்தான் ஏமாறுவாங்க.

சின்னப் பையனா இருந்தப்ப அப்பாகூடப் பெரட்டுக்கு (காலையில் தோட்டத்து ஆள்களுக்குப் பேர் எடுக்கிற இடம்) போவேன். சூரியன் வர்றதுக்கு முந்தி அந்த கிரவுண்டைப் பார்க்கணும். வெள்ளையில் கறுப்புக் கறுப்பா தடம். நடந்த இடத்தில் மட்டும் பனி நொறுங்கி உள்ளே இருக்கிற புல் தெரியும். முயல் போனது எப்படித் தெரியும்னா, பின்னங்கால் தடம் முன்னாடி இருக்கும், முன்னங்கால் தடம் பின்னாடி இருக்கும். தாவும்போது பின்கால் முன்காலைத் தாண்டி விழுதில்லையா? முதல் தடவை பார்க்கிறவன் முயல் போன திசைக்கு நேர் எதிரே தேடிப் போவான். நானும் போயிருக்கேன். எட்டு மணிக்கு வெயில் விழுந்ததும் எல்லாம் அழிஞ்சிடும், கிரவுண்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி பச்சையா நிக்கும். பொழுது விடிஞ்சு வர்றவங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க.

அதே வெயில் தேயிலையில் விழுந்தா கொழுந்து கருகிடும். அது தனிக் கதை, சோத்துல மண்ணு விழுற கதை.

சித்தூர் வாத்தியார் | டிசம்பர் 20, மாலை 5.10

இங்கே பாலக்காட்டுச் சித்தூரில் பனி கிடையாது, காற்றுதான். மார்கழியானால் கிழக்கிலிருந்து வாளையாறு வழியாக வறட்டுக் காற்று நுழைந்து, கணவாய் முழுக்க ஊதித் தள்ளும். பனைமட்டைச் சத்தத்தில் தூக்கம் வராது. அந்தக் காற்று மண்ணைப் பொடியாக்கி வீட்டு இறவாணத்துக்கு அடியில் சேர்த்துவிடும். சேர்ந்த மறுநாளே அங்கே குட்டிக் குட்டிப் புனல்கள். குழிநரி! தமிழில் நாம் நரி என்கிறோம். என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி மலையாளத்தில் அதையே குழியானை என்கிறார்கள். அரிசி மணி அளவுப் பூச்சிக்கு ஒருவன் நரியின் தந்திரத்தைக் கொடுத்தான், இன்னொருவன் யானையின் உடம்பைக் கொடுத்தான். எல்லையில் குடியிருப்பதில் இப்படி ஒரு சுகம் உண்டு.

அதுவும் தடம் விடும். குழி வெட்ட இடம் தேடும்போது பின்பக்கமாகவே ஊர்ந்து போகும். மண்ணில் சுற்றிச் சுற்றிக் கிறுக்கிய ஒற்றைக் கோடு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டு மாதிரி. ஓர் எறும்பைக் குழியின் விளிம்பில் விட்டுப் பாருங்கள். அடியிலிருந்து மண்ணை வாரி இறைக்கும், எறும்பு சரியும். பெரிதானால் தட்டான் மாதிரிச் சிறகு முளைத்துப் பறந்துவிடும். அந்தப் பறக்கும் பூச்சியையும் இந்தக் குழிக்காரனையும் இணைத்துப் பார்க்க எனக்கு ஐம்பது வயது ஆனது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய எனக்கே.

அம்மா, உங்கள் கேள்விக்கு விடை தெரியாது. ஆனால் கண்ணனா குட்டிச்சாத்தானா என்ற வழக்கில், அப்பத்தா பக்கம் நான்.

தேனிப்பொண்ணு | டிசம்பர் 20, இரவு 9.22

நானும் அப்பத்தா கட்சி! அக்கா, தயவுசெஞ்சு கண்டுபிடிக்காதீங்க. அது எலின்னு தெரிஞ்சிட்டா அப்புறம் என்ன இருக்கு?

எங்க வீட்டுலயும் ஒரு மாயம் நடக்குது. ரோசாச் செடி இலையில் யாரோ கத்திரி வெச்சு அரைவட்டம் அரைவட்டமா வெட்டியிருக்காங்க. வளையல் வெச்சு வரைஞ்ச மாதிரி அவ்வளவு சுத்தம். புழுவும் இல்லை, எச்சமும் இல்லை.

ராத்திரிப்பூச்சி | டிசம்பர் 20, இரவு 10.01

இலைவெட்டித் தேனீ. வெட்டின துண்டைச் சுருட்டி, சுவர் ஓட்டையிலோ மூங்கில் துளையிலோ கொண்டுபோய் அறை கட்டி, உள்ளே மகரந்தமும் தேனும் உருட்டி வெச்சு முட்டை போடும். இலையைத் தின்னாது, செடிக்குப் பெரிய கேடு இல்லை. மருந்து அடிச்சிடாதீங்க. சுவரில் ஆணி பிடுங்கின ஓட்டை பச்சையா அடைச்சிருந்தா அதுதான் அதோட வீடு.

சாரிக்கா, உங்க மாயத்தைக் கெடுத்துட்டேன்.

தேனிப்பொண்ணு | டிசம்பர் 20, இரவு 10.09

கெடுத்தீங்களா? இப்பதான் டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பார்த்தேன். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஓட்டையில் இலை!!! ஒண்ணுக்குள்ள ஒண்ணா, வெத்தலை மடிச்ச மாதிரி.

குமுளி ஏலக்காடு | டிசம்பர் 21, காலை 6.30

நல்லா இருக்கு உங்க மாயம். போன வாரம் என் கப்பைக்கிழங்கு (மரவள்ளி) நாப்பது மூடு ஒரே ராத்திரியில் மாயமாச்சு. அதுக்கு யாரும் கவிதை எழுதலை. சேனை போச்சு, வாழைக்கன்னு போச்சு. நஷ்டஈட்டுக்கு எழுதிப் போட்ட மனுவும் மாயமாத்தான் போச்சு. சபரிமலை சீசன், ராத்திரி பூரா ரோட்டில் வண்டிச் சத்தம். அப்படியும் வருது.

தோட்டத்தில் தடம் பார்க்கிறது உங்களுக்குப் பொழுதுபோக்கு. எனக்கு அது காலையில் கணக்கு எழுதுற வேலை.

மூணாறு பெரியவர் | டிசம்பர் 21, காலை 9.45

தம்பி சொல்றதும் நியாயம்தான். ஆனை வந்த தோட்டத்தில் நின்னு "ஆகா, என்ன அழகான தடம்"னு எவனும் சொல்ல மாட்டான். அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு, வெச்சுக்கோங்க. ஆனையோட முன்னங்கால் தடம் நல்லா வட்டமாப் பதிஞ்சிருந்தா, ஒரு கயித்தை அதைச் சுத்தி வெச்சு எடுத்து ரெட்டிப்பா நீட்டு. அதுதான் ஏறத்தாழ அதோட தோள் உயரம். பின்னங்கால் தடம் முட்டை மாதிரி நீளமா இருக்கும், அதில் அளக்காதே. நாலு முழம்தான்னா குட்டி, தாய் பக்கத்திலேயே இருக்கும், அந்தப் பக்கமே போகாதே. ஆறு முழத்துக்கு மேல போச்சுன்னா பெரிய கொம்பன். இந்தக் கயித்துக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர் எங்க தோட்டத்துக் காவக்காரர், எழுதப் படிக்கத் தெரியாது.

சித்தூர் வாத்தியார் | டிசம்பர் 21, காலை 10.20

குமுளி நண்பரின் கோபம் புரிகிறது. ஆயினும் அவரும் தடம் பார்க்கிறார், கவனியுங்கள். நாற்பது மூடு என்று எண்ணியிருக்கிறார். கிழங்கை எப்படி எடுத்திருக்கிறது, மண்ணைப் புரட்டியா, குழி பறித்தா?

குமுளி ஏலக்காடு | டிசம்பர் 21, மதியம் 1.05

ஏர் ஓட்டினாப்ல புரட்டிப் போட்டிருக்கு. மூக்கால தள்ளினது. அதான் சொன்னேன், பன்னின்னு. நாலஞ்சு மூடு மட்டும் வேற மாதிரி. தண்டுக்குப் பக்கத்தில் சரிவாக் குழி, கிழங்கைப் பாதி கடிச்சு விட்டிருக்கு. பல்தடம் ரெண்டு ரெண்டா, உளி வெச்சு செதுக்கின மாதிரி.

ராத்திரிப்பூச்சி | டிசம்பர் 21, மதியம் 1.40

அண்ணா, அந்த நாலஞ்சு மூடு முள்ளம்பன்றி! ரெண்டு உளிப்பல் பக்கத்தில் பக்கத்தில். எலி, அணில், முள்ளம்பன்றி எல்லாம் ஒரே சாதி, கொறிக்கிற கூட்டம். முன்பல் வளர்ந்துகிட்டே இருக்கும், தேய்ச்சே ஆகணும். காட்டில் கிடக்கிற எலும்பு, உதிர்ந்த மான்கொம்பு எல்லாத்தையும் முள்ளம்பன்றி கொண்டுபோய்க் கொறிக்கும். பல்லும் தேயும், சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். அது குடியிருக்கிற குகை வாசலில் எலும்பாக் குவிஞ்சு கிடக்கிறதைப் பார்த்துட்டு, புலி இருக்குன்னு ஓடி வந்தவங்க உண்டு.

மேய்ஞ்சது யாருன்னு செடியிலும் தெரியும். முயல் கடிச்ச தண்டு பிளேடால் சாய்ச்சு வெட்டின மாதிரி இருக்கும். மிளா, கேளையாடு மாதிரி மான் கூட்டம் கடிச்சா பிஞ்சு நார் நாரா நிற்கும், மேல்தாடையில் முன்பல்லே கிடையாது இல்லையா, இழுத்துப் பிய்க்கத்தான் முடியும்.

காந்தளூர் அக்கா, உங்க குழந்தைக்கால் மேல எனக்கு இப்ப ஒரு சந்தேகம் வந்திருக்கு. ஆனா சொல்ல மாட்டேன். தடப்படுக்கை ஒண்ணு போடுங்க. மண்ணை மாவுச் சல்லடையில் சலிச்சு, வேலியில் அது நுழையற இடமாப் பார்த்து ரெண்டு முழ நீளம், விரல்கடை கனம் பரப்பி, பலகையால் வழிச்சு விடுங்க. பனி சொட்டற மரத்துக்கு அடியில் வேண்டாம். காலையில் வெயில் ஏறுறதுக்குள்ள பாருங்க. டார்ச்சை மேல இருந்து அடிக்காதீங்க, தரையோடு சாய்ச்சு அடிச்சா நிழல் விழுந்து சின்ன நகக்கீறல்கூடத் தெரியும்.

காந்தளூர்க்காரி | டிசம்பர் 22, காலை 7.30

மாவுச் சல்லடையில் மண்ணைச் சலிச்சதுக்கு மாமியாரிடம் வாங்கின வசவு தனி இழையா எழுதலாம். இனி தம்பி வீட்டில் இருந்து ஒரு சல்லடை வந்தாத்தான் எனக்கு இட்லி.

முதல் ராத்திரி: எங்க பூனை. திரும்பி வந்து படுத்துப் புரண்டும் இருக்கு. அப்புறம் தையல் போட்ட மாதிரி ரெண்டு வரிசைப் புள்ளி, வண்டா இருக்கும். வாலாட்டிக்குருவி நடந்த அம்புக்குறி அம்புக்குறியான தடம். இந்த வாலாட்டி எங்க வீட்டுக் கல்லில் புரட்டாசிக்கு அப்புறம் வந்து உக்காரும், பங்குனி சித்திரையில் காணாமப் போயிடும். இமயமலைப் பக்கம் இருந்து வருதுன்னு படிச்சதுல இருந்து, அதை விரட்டின எம்பொண்ணைத்தான் விரட்டறேன்.

வெளியே இருந்த பூ? போச்சு. சாணியோட.

மூணாறு பெரியவர் | டிசம்பர் 22, காலை 10.10

பூனைத்தடத்தை நல்லாப் பார்த்து வெச்சுக்கோ தங்கச்சி. நாலு விரல், நகம் பதியாது, வட்டமா இருக்கும். அதையே மனசுல பெருசாக்கினா சிறுத்தை. நாய்னா நகம் குத்தும், தடம் கொஞ்சம் நீளவாக்கா இருக்கும். வாசல்ல புலித்தடம்னு எங்க லயத்தில் வருசத்துக்கு நாலு தடவை கூட்டம் கூடும், மூணு தடவை அது நம்ம மணியாத்தான் இருக்கும்.

காந்தளூர்க்காரி | டிசம்பர் 24, காலை 6.58

நேத்து தூறல், ஒண்ணும் தெரியலை. இன்னைக்கு மதில் மேல ஒண்ணு கிடைச்சது. தட்டைக்கல்லில் எச்சம், விரல் கனம், பூரா விதை. காப்பிக்கொட்டை, மரத்தக்காளி விதை, இன்னும் என்னென்னமோ. கழுவி அடுக்கின மாதிரி அவ்வளவு சுத்தம். யோசிச்சுப் பார்த்தா போன மாசமும் அதே கல்லில் பார்த்த ஞாபகம்.

ராத்திரிப்பூச்சி | டிசம்பர் 24, காலை 7.45

மரநாய்! உங்க சேச்சி மரப்பட்டின்னு சொல்லுவாங்க. கல், மதில், விழுந்த மரம்னு எடுப்பான இடத்தில்தான் போகும், அதே இடத்துக்கு வந்து வந்து போகும். சோலைக்காட்டை ஒட்டின ஊர்ங்கறதால பழுப்பு மரநாயாகூட இருக்கலாம், அது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேற எங்கேயும் கிடையாது. பழத்தைத் தின்னுட்டு விதையை முழுசா விட்டுடும். அதில் நாலை ஒரு தொட்டியில் ஊன்றிப் பாருங்க.

கையால தொட்டா சோப்புப் போட்டுக் கழுவுங்க. குச்சியே நல்லது.

தேனிப்பொண்ணு | டிசம்பர் 24, காலை 8.00

அப்ப கண்ணன் மரநாயா? 😔

ராத்திரிப்பூச்சி | டிசம்பர் 24, காலை 8.06

மரநாய்க்கு நாலு காலிலும் அஞ்சஞ்சு விரல். அதனாலதான் விரல் எண்ணச் சொன்னேன். பொறுங்க.

சித்தூர் வாத்தியார் | டிசம்பர் 25, மாலை 4.40

எச்சத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இது. எங்கள் பழைய பள்ளிக்கூடத்து மாடியில் கூகை குடியிருக்கிறது. அதற்கு நேர்கீழே கறுப்பாக, பளபளப்பாக, கட்டைவிரல் பருமனில் உருண்டைகள் விழுந்து கிடக்கும். எச்சம் என்று எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். எச்சம் அன்று. விழுங்கிய இரையில் செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டி வாய்வழியே கக்கிவிடும்.

விடுமுறைக்கு வந்த பேரனோடு உட்கார்ந்து ஒன்றை வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் பிரித்தோம். சாம்பல் நிற முடிக்கொத்துக்குள் முதலில் ஒரு தாடை வந்தது. குண்டூசித் தலை அளவுப் பற்கள். பிறகு மண்டையோடு, ஊதினால் பறக்கும். முன்பல் ஆரஞ்சு நிறமாக இருந்தால் எலி, பல்லில் இரும்புச்சத்து சேர்வதால் வரும் நிறம். அடுத்து வந்த மண்டையில் பற்கள் வெள்ளையாக, ஊசி ஊசியாக இருந்தன. அது மூஞ்சூறு. ஒரே உருண்டையில் மூன்று எலி, ஒரு மூஞ்சூறு. பேரன் கறுப்புத்தாளில் எல்லா எலும்பையும் வரிசையாக அடுக்கிவிட்டு, "தாத்தா, இது ஒரு நாள் சாப்பாடுதானா?" என்றான். ஊரில் கூகை அலறினால் சாவு என்பார்கள். எலிக்குச் சாவு, அது உண்மைதான்.

குமுளி ஏலக்காடு | டிசம்பர் 25, இரவு 8.15

வாத்தியாரே, அந்தக் கூகையை எங்க ஊர்ப்பக்கம் அனுப்பி வைங்க. எலி தாங்கலை.

காந்தளூர்க்காரி | டிசம்பர் 27, காலை 6.40

வந்தாச்சு!!! நேரா விசயத்துக்கு வர்றேன், கை நடுங்குது (குளிரில்தான்).

படுக்கை பூரா நடந்திருக்கு. முன்னங்கால் தடத்தில் நாலு விரல். பின்னங்கால் தடத்தில் அஞ்சு விரல், நீளக் குதிகால். பின்னங்காலை மட்டும் தனியாப் பார்த்தா சத்தியமா குழந்தைக்கால். ரெண்டு பக்கமும் விளக்குமாத்துக் குச்சியை இழுத்துட்டுப் போன மாதிரி மெல்லிசுக் கோடு கோடா. தடத்தைப் பிடிச்சுட்டே போனா கேரட் பாத்தி. தழையெல்லாம் அப்படியே கிடக்கு, கிழங்கு மட்டும் இல்லை. பதினோரு கேரட். ஒரு பூசணிப் பிஞ்சில் உளிப்பல் தடம், குமுளி அண்ணா சொன்ன மாதிரியே ரெண்டு ரெண்டா. வேலிச் சந்தில் ஒரு முள், ஒரு சாண் நீளம், கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளைன்னு பட்டை. நுனியைத் தொட்டுப் பார்த்தேன், ரத்தம் வந்துடுச்சு.

ராத்திரிப்பூச்சி | டிசம்பர் 27, காலை 6.55

முன்னே நாலு, பின்னே அஞ்சு, முள் இழுத்த கோடு. முள்ளம்பன்றியேதான்! முன்காலில் கட்டைவிரல் சுருங்கிப் போனதால பதியாது. இதைத்தான் அன்னைக்கே நினைச்சேன்.

அது முள்ளை அம்பு மாதிரி எய்யும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. முள்ளுங்கறது தடிச்சுப் போன மயிர்தான். சிலிர்த்துக்கிட்டுப் பின்பக்கமா வந்து மோதும், குத்தினது கழண்டு நின்னுடும். உங்க பூனையை உள்ளே படுக்க வையுங்க.

மூணாறு பெரியவர் | டிசம்பர் 27, காலை 9.20

தங்கச்சி, அந்த முள்ளை அளந்து பார்த்துட்டுக் கிடந்த இடத்திலேயே போட்டுடு. மான்கொம்பானாலும் சரி, உதிர்ந்து கிடந்ததுன்னாலும் சரி, வீட்டில் வெச்சா வம்பு. 1972ஆம் வருசத்துக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. அதே மாதிரி, கேரட் போச்சேன்னு சுருக்குக் கம்பி, வெடி, மருந்து எதுவும் வேண்டாம். பாத்தியைச் சுத்தி அடியில் ஒரு முழம் மண்ணுக்குள்ள இறக்கி தகரம் வெச்சா வராது, அது பறிச்சுத்தான் நுழையும்.

தேனிப்பொண்ணு | டிசம்பர் 27, காலை 9.31

அப்பத்தாகிட்ட சொல்லிட்டீங்களா அக்கா? பாப்பாகிட்ட?

காந்தளூர்க்காரி | டிசம்பர் 27, மாலை 6.15

பாப்பாகிட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. "பிள்ளையாருக்கு எலி, முருகனுக்கு மயிலு. கண்ணனுக்கு மட்டும் வண்டியே இல்லையேம்மா, அதான் முள்ளம்பன்னியில வந்திருக்காரு"ன்னுட்டு விளையாடப் போயிட்டா. முதுகில் முள் குத்தாதான்னு கேட்டேன். மயில்மேல உக்கார்றவர் தோகையைத் தூக்கிட்டுத்தான் உக்கார்றாராம்.

அப்பத்தாவுக்கு முள்ளைக் காட்டினேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்துட்டு, சின்ன வயசில் முனியறைப் பக்கம் ஆடு மேய்க்கறப்ப நிறையக் கிடக்கும், அதில்தான் தலைக்கு வகிடு எடுப்போம்னு சொன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் ஏன் கண்ணன்னு சொன்னீங்கன்னு கேட்டா, "அவன் எந்தக் காலில் வந்தா உனக்கென்ன?"ங்கறாங்க.

ஆனா ஒண்ணு இடிக்குதே தம்பி. நேத்து பூ வைக்கறப்பவே கோலத்தைச் சுத்தியும் சலிச்ச மண்ணு தூவி வெச்சேன். அது கோலத்துக்கிட்டேயே போகலை, வேலியில் நுழைஞ்சு நேரா கேரட்டுக்குத்தான் போயிருக்கு. அப்படியும் பூவைக் காணோம். சாணியையும் காணோம். மண்ணில் தடமும் இல்லை, யாரோ கையால வழிச்சு விட்ட மாதிரி இருக்கு.

ராத்திரிப்பூச்சி | டிசம்பர் 27, இரவு 7.02

சாணியைச் சேர்த்து எடுத்துட்டுப் போற பிராணி எதுவும் எனக்குத் தெரியலையேக்கா. சாணி வண்டு உருட்டும், ஆனா அவ்வளவு பெரிய உருண்டையை, அதுவும் பூவோட… இல்லை.

தேனிப்பொண்ணு | டிசம்பர் 27, இரவு 7.10

குட்டிச்சாத்தான்!!! சேச்சி சொன்னது சரி!

சித்தூர் வாத்தியார் | டிசம்பர் 27, இரவு 7.48

அம்மா, வீட்டில் உங்களுக்கு முன்னால் எழுந்திருப்பவர் யார்?

காந்தளூர்க்காரி | டிசம்பர் 28, காலை 5.35

வாத்தியாரய்யா, உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன்.

நாலு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து, விளக்குப் போடாம சன்னல்கிட்ட நின்னேன். வெளியே மூடுபனி, தெருவிளக்கு மஞ்சளாக் கரைஞ்சு தெரியுது. வேலியிலும் செம்பருத்தியிலும் சிலந்தி வலையெல்லாம் தண்ணி கோத்துத் தொங்குது. அந்தச் சிலந்தி ராத்திரி ராத்திரி பழைய வலையைத் தின்னுட்டுப் புதுசு கட்டும்னு படிச்சிருக்கேன், இன்னைக்குத்தான் கட்டி முடிச்ச வலையை அந்த நேரத்தில் பார்த்தேன். நாலே காலுக்குக் கதவு திறந்தது. கம்பளியைப் போத்திக்கிட்டு அப்பத்தா. வெறுங்கால்.

குனிஞ்சு பூவோட சாணியை அப்படியே அள்ளினாங்க. நான் தூவின மண்ணை, யாரோ குப்பை போட்டுட்டாங்கன்னு புறங்கையால வழிச்சு விட்டாங்க. பின்னாடியே போனேன். விறகுக் கொட்டாய்க்குள்ள சுவரோரம் வரிசையா வறட்டி தட்டி வெச்சிருக்காங்க, ஒவ்வொண்ணிலும் நடுவில் ஒரு பூசணிப்பூ அமுங்கி. முதல் நாள் தட்டினது காய்ஞ்சு பழுப்பாயிடுச்சு, நேத்துத் தட்டினது இன்னும் மஞ்சளா இருக்கு. தைப்பொங்கல் அடுப்புக்காம். மார்கழி பூரா வாசலில் வெச்ச பூவை அப்படித்தான் சேர்த்து வைக்கணுமாம். விடிஞ்சா ஆடு மேஞ்சிடும்னு முன்னாடியே எடுத்துடறாங்களாம்.

ஏன் அப்பத்தா சொல்லலைன்னு கேட்டேன். "நீ கால்தடம் யாருதுன்னுதானே கேட்ட? பூ எங்கேன்னு எங்கிட்டக் கேட்டியா?"

மூணாறு பெரியவர் | டிசம்பர் 28, காலை 6.20

😂😂 அப்பத்தா காலை அளந்தியா தங்கச்சி? எத்தனை விரல்?

தேனிப்பொண்ணு | டிசம்பர் 28, காலை 6.41

மீட்டர் பெட்டி ஓட்டையில் இருந்து இன்னைக்கு ஒரு தேனீ வெளியே வந்துச்சு! வீடியோ எடுத்திருக்கேன். தனி இழை திறக்கட்டுமா?

ராத்திரிப்பூச்சி | டிசம்பர் 28, காலை 6.50

திறங்க திறங்க.

குமுளி ஏலக்காடு | டிசம்பர் 28, காலை 7.15

அப்ப பன்னி இல்லையா?